தங்கத்தாளில் சுற்றிய மலை

சுஐப் மேடையை விட்டு இறங்கியது பேரவைக் கீதத்தின் நடுவிலா, முடிவிலா என்பதில் எனக்கு உறுதி இல்லை. நடுவில்தான் என்று பேரவையின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு சொல்கிறது. அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழுவில் பாதிப் பேர் அப்போது பின்கட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்ததாகவும் எனக்கொரு ஞாபகம். இப்படி அங்கங்கே முன்பின்னாக ஆகியிருக்கலாம். தக்காளி வேடத்தில் வந்த வங்கி ஊழியரை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். அதில் சந்தேகமில்லை.

சுஐப்புக்குக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் செருப்புக் கடை. அப்பா காஜா மைதீன் வைத்த கடை. வருகிறவர்களின் காலைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவான். அதற்கு மேல் பேச மாட்டான். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் இருக்கிற அமைதியில், பில் போடுகிற கம்ப்யூட்டரிலேயே ஒரு நாவல் எழுதினான். பெயர் ‘நடைமலை’. ஒரு மலை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலைப் பார்த்து நகர்கிறது. மலைமேல் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆடு மேய்க்கும் அலரி என்கிற பெண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. எழுத ஆறு வருஷம் ஆயிற்று.

புத்தகம் வந்த கொஞ்ச நாளிலேயே மொத்தப் பிரதியும் விற்றுவிட்டது. பதிப்பாளரே நம்பவில்லை. வாங்கியது ‘மாவட்ட மிகுபுனைவு வாசகர் பேரவை’. பேய், பூதம், மாயமலை, வேற்றுலகம் எழுதுகிறவர்களையும் படிக்கிறவர்களையும் ஒரு குடையின் கீழ்க் கொண்டுவருவதற்காக ஆரம்பித்த அமைப்பு. சுஐப் தன் போன் நம்பரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தான். போன் வரும் என்று காத்திருந்தான். திட்டுவதற்காவது யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். செருப்புக்குத்தான் கூப்பிட்டார்கள்.

“அத்தினி பேரு வாங்கியிருக்காங்க. ஒருத்தர்கூடவா படிச்சிருக்க மாட்டாங்க?” என்றான் மனைவி ஷாஜியாவிடம்.

“ஏன், நான் படிச்சேனே.”

“மூணாவது அத்தியாயம் வரைக்கும்.”

“மலை நவுர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துட்சிங்க. நான் இன்னா பண்றது?” ஷாஜியா பொய் சொல்ல மாட்டாள். அவளிடம் அவனுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான்.

ரெண்டாம் பாகம் பாதியில் நின்றிருந்தது. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் ஒரு வரிகூட ஓடவில்லை. “ஒருத்தர், ஷாஜியா. முழுசா படிச்ச ஒரே ஒருத்தர பாத்துட்டன்னா எழுதறேன். இல்லன்னா இதோட வுட்டுர்றேன். கம்ப்யூட்டர் பில்லு போடட்டும்.”

இந்த நேரத்தில்தான் பேரவைச் செயலாளர் தீனதயாளன் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பெங்களூரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது மாயக்கதை ரசிகர்களின் கூட்டம் ஒன்றைப் பார்த்திருந்தார். ரசிகர்கள் கதாபாத்திரம் மாதிரி வேஷம் போட்டு வந்தார்களாம், எழுத்தாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்களாம்.

“அதே மாதிரி நம்மூர்லயும் போடறோம் பாய். ரசிகர் மாநாடு. தியாகதுருகம் ரோட்டு கல்யாண மண்டபம். நீங்கதான் சிறப்புப் படைப்பாளர். உங்க ரசிகர்ங்க வந்து உங்ககிட்ட பேசுவாங்க.”

“படிச்சவங்களா?”

“ரசிகர்ங்க பாய்,” என்றார் தீனதயாளன். போகும்போது கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று சுஐப்பிடமிருந்த கடைசிப் பிரதியையும் வாங்கிக்கொண்டு போனார்.

மாநாட்டு நாளில் சுஐப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே போய்விட்டான். வாசலில் கும்பாவில் சந்தனமும் தட்டில் கற்கண்டும் வைத்துக்கொண்டு இரண்டு எமன்கள் நின்றார்கள். மாயாஜாலப் பாத்திரங்களாக வர வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். ஊரில் வாடகைக்கு உடை கொடுக்கும் கடை ஒன்றுதான். அங்கே பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கான உடைகள்தான் உண்டு. எனவே இரண்டு எமன், மூன்று ராணி, ஒரு டாக்டர், ஒரு தக்காளி. தக்காளிக்குள் இருந்தவர் ஒரு வங்கி ஊழியர். பதிவு மேஜையில் அவரை ‘வேற்றுலகவாசி’ என்று எழுதிக்கொண்டார்கள். உடை சின்னப் பிள்ளைகளுக்கானது என்பதால் அவரால் உட்கார முடியவில்லை. அன்று பூராவும் நின்றுகொண்டே இருந்தார்.

சுஐப்புக்குச் சந்தனம் வைத்த எமன், “உள்ள போங்க பாய், டிபன் இருக்குது,” என்றான்.

“என் புத்தகம் படிச்சிருக்கீங்களா?”

“நான் ரெண்டாவது பந்திதான் பாய்,” என்றான் எமன். கேள்வி காதில் விழவில்லையோ என்னவோ.

சுஐப்பை மேடையில் உட்கார வைத்தார்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, வரவேற்புரை என்று நாற்காலிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. முன்னிலை வகிக்க மட்டும் ஒரு கபடிக் குழுவுக்குப் போதுமான ஆள் இருந்தார்கள். நாற்காலி போதாமல் கீழே பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்து வந்தார்கள். மேடையில் ஆள் கூடக் கூடக் கீழே இடம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் சுஐப் அந்தப் பெண்ணைப் பார்த்தான். நாற்காலியைப் பறிகொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றிருந்தாள். வேஷம் எதுவும் இல்லை. கையில் நூல்கண்டுப் பை. இன்னொரு கையில் ஒரு புத்தகம். ஓரமெல்லாம் உப்பி, முதுகு வெடித்து, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்த ‘நடைமலை’.

படித்த புத்தகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். போட்டு நடந்த செருப்புக்கும் பெட்டியில் இருக்கும் செருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். அவள் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவனும் பாதி எழுந்தான்.

“இப்ப எறங்கக் கூடாது பாய்,” என்று தீனதயாளன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “மேடையில உக்காந்து மரியாதை வாங்கினவங்க நன்றியுரை வரைக்கும் மேடையில இருக்கணும். பேரவை விதி.”

“எனக்கு இன்னும் மரியாதை பண்ணலையே.”

“பண்ணாதவங்க, பண்றவரைக்கும் இருக்கணும்.”

“அந்தம்மா ஏதோ கேக்கணும்னு நிக்கிறாங்க.”

“கேள்வி நேரம் இருக்குது. தலைவர் பேசினதும், சிறப்பு விருந்தினர் பேசினதும், கேள்வித் தேர்வுக் குழு கூடி எந்தக் கேள்வின்னு முடிவு பண்ணும்.”

பேரவைத் தலைவர் நாராயணசாமி எழுந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைத் தட்டிப் பார்த்தார். தட்டியதற்கே முன்னிலை வகித்தவர்கள் கை தட்டினார்கள்.

“அவையோரே. இந்த மாவட்டத்தில் பொன்னாடை ஒழிந்தது யாரால்? இந்தப் பேரவையால். போர்த்திய துணியை என்ன செய்வது என்று தெரியாமல் எத்தனை வீடுகளில் அலமாரி திணறியது. நான் தீர்மானம் கொண்டுவந்தேன். இனி பொன்னாடை இல்லை, புத்தகம். அறிவுக்கு அறிவு, மரியாதைக்கு மரியாதை. அதற்காகவே தம்பி சுஐப்பின் நூலை மொத்தமாக வாங்கினோம். இன்று இந்த மாவட்டத்தில் காதுகுத்து, கடை திறப்பு, பணி நிறைவு, எதுவாக இருந்தாலும் கை மாறுவது இவருடைய நூல்தான்.”

சுஐப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வீட்டிலுமா அலரி போயிருக்கிறாள்?

நாராயணசாமி தொடர்ந்தார். “கேட்கலாம், தலைவரே, நீங்கள் இந்த நூலைப் படித்தீர்களா என்று. படிக்கவில்லை. பெருமையோடு சொல்கிறேன். பேரவையில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஏனென்றால் தங்கத்தாளில் சுற்றித்தான் தருகிறோம். பிரித்தால் அது பழைய புத்தகம். ஒருவர் கட்டிய வேட்டியை இன்னொருவருக்குத் தருவோமா? பிரிக்காமல் இருந்தால் ஒரு புத்தகம் நூறு பேரைக் கௌரவிக்கும். பிரித்தால் ஒருவரோடு தீர்ந்தது. சிந்தியுங்கள்.”

எல்லோரும் சிந்தித்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

மரியாதை ஆரம்பித்தது. மேடையின் வலப்பக்க மேஜையில் தங்கத்தாள் சுற்றிய பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. கீழேயிருந்து வலப்பக்கம் ஏறியவர் ஒன்றை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு இடப்பக்கம் இறங்கினார். இடப்பக்கப் படிக்கட்டில் ஒரு ராணி நின்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நடந்து, மறுபடி வலப்பக்க மேஜையில் வைத்தாள். தன் மலை சுற்றிச் சுற்றி வருவதை சுஐப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷம் எழுதியதில் அது இவ்வளவு வேகமாக எங்கும் நகர்ந்ததில்லை.

அவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அவன் அதைப் பிரிக்கப் பார்த்தான்.

“பாய்,” என்றார் தீனதயாளன், பிள்ளையை அதட்டுகிற குரலில். ராணி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

தூணோரம் அந்தப் பெண் இன்னும் நின்றிருந்தாள். அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு என்று அவனுக்குப் புரிந்தது. மேடையிலிருந்தே வாயசைத்து “எந்த ஊரு?” என்று கேட்டான். அவளும் வாயசைத்தாள். வெள்ளிமலை. மலைக்குப் போகிற கடைசி பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். சுஐப் மறுபடி எழுந்தான். பக்கத்தில் முன்னிலை வகித்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

சிறப்பு விருந்தினர் அறிவுச்செல்வன் அந்த நேரத்தில்தான் வந்தார். ரைஸ் மில் அதிபர். நேராக மைக்குக்கு அழைத்துப் போனார்கள்.

“இந்தக் கவிதைகளை நான் மிகவும் ரசித்தேன்,” என்று ஆரம்பித்தார்.

“நாவலுங்க,” என்று தீனதயாளன் பின்னாலிருந்து சொன்னார்.

“இந்த நாவலில் உள்ள கவிதைகளை நான் மிகவும் ரசித்தேன். இப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்று காலைதான் தெரியும். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் முன்னாலேயே ரசித்திருப்பேன். என் மில்லுக்கு வருகிறவர்களுக்கும் இதையே தரச் சொல்லியிருக்கிறேன். நல்ல கனமாக இருக்கிறது.”

அவருக்கு மரியாதை செய்யும்போது மேஜை காலியாக இருந்தது. முன்னிலை வகித்தவர்களில் சிலர் பந்திக்குப் பிறகு கல்யாணங்களுக்குப் போக வேண்டியிருந்ததால், மொய்க்குப் பதில் ஆகும் என்று ராணியை ஏய்த்துப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியாகப் போயிருந்தார்கள். தீனதயாளன் திரைக்குப் பின்னால் ஓடினார், வந்தார், மறுபடி ஓடினார். கண்காட்சிப் பிரதிகூட இல்லை, தங்கத்தாள் மட்டும் இருந்தது. பிறகு அவர் கண் தூணோரம் போயிற்று.

சுஐப் மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். தீனதயாளன் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தயங்கினாள். மேடையைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. எழுத்தாளரே தலையாட்டுகிறார், கொடுத்துவிடு என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தீனதயாளன் அங்கேயே, தக்காளியின் முதுகை மேஜையாக வைத்து, உப்பிய புத்தகத்தை அமுக்கித் தங்கத்தாளைச் சுற்றினார். பஸ் டிக்கெட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“நூலாசிரியர் அவர்களே தம் கையால் சிறப்பு விருந்தினருக்கு வழங்குவார்,” என்று மைக் சொன்னது.

பொட்டலம் சுஐப் கைக்கு வந்தது. தாளுக்குள் புத்தகம் மெத்தென்று இருந்தது. அறிவுச்செல்வன் மறுமுனையைப் பிடித்தார். சுஐப் விடவில்லை.

“இது அந்தம்மாவோடதுங்க,” என்றான் மெல்ல.

“கேமராவ பாருங்க பாய்,” என்றார் அறிவுச்செல்வன் சிரிப்பு கலையாமல்.

“அவங்க படிச்சிக்கினு இருக்காங்க.”

“நானும் படிப்பேன். வுடுங்க.”

அவர் இழுத்தார், இவன் இழுத்தான். “அப்டியே, அப்டியே இருங்க, சூப்பரா இருக்குது,” என்றார் போட்டோக்காரர். மறுநாள் வந்த படத்தில் இரண்டு பேரும் பிரிய மனமில்லாத நண்பர்கள் மாதிரி இருந்தார்கள். அரிசி மூட்டை தூக்கி உரமேறிய கை அறிவுச்செல்வனுடையது. பொட்டலம் அவரிடம் போனது. அவரிடமிருந்து டிரைவரிடம் போனது. டிரைவர் அதைக் காரில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

“அனைவரும் எழுந்து நிற்கவும். பேரவைக் கீதம்.”

பேரவைக் கீதத்தை இயற்றியவர் நாராயணசாமி. பாடும்போது யாரும் அசையக் கூடாது என்பது கீதத்தின் முதல் வரியிலேயே வருகிறது. மண்டபம் உறைந்து நின்றது. எமன்கள் சந்தனக் கும்பாவோடு நின்றார்கள். தக்காளிக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பெண்ணும் முதல் சரணம் வரை நூல்கண்டுப் பையோடு விறைப்பாக நின்றாள். வெளியே ஹாரன் கேட்டது. அவள் திரும்பி, குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தாள்.

சுஐப் இறங்கினான். நடுவிலா முடிவிலா என்பதைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. இறங்கும்போது ஒரு நாற்காலி விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஒரு காலைப் படிக்கட்டில் வைத்திருந்தாள்.

“அம்மா, இருங்க. உங்க பேரு?”

“தனுஷா சார். தையல் மிஷின் வச்சிருக்கேன். நூலு வாங்க வந்தேன், நோட்டீஸுல உங்க பேர பாத்தேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கா அவனுக்கா என்று தெரியவில்லை. “அந்த புக்க எப்ப சார் குடுப்பாங்க? மரியாத பண்ணிட்டு தர்றேன்னாரு.”

அவன் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். “அது எப்படி உங்ககிட்ட வந்தது?”

“மகளிர் குழு விழாவுல குடுத்தாங்க. தாள பிரிக்காத, அடுத்த விழாவுக்கு வோணும்னாங்க. மலையேற சொல்ல மழை புடிச்சிட்சி. நனைஞ்சி அதுவா பிரிஞ்சிட்சி சார், நான் பிரிக்கல.” திட்டுவான் என்று பயந்தவள் மாதிரி சொன்னாள். “சரி பிரிஞ்சிட்சேன்னு படிச்சேன். தெச்சிக்கினே படிச்சேன்.”

“முழுசாவா?”

“கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. இன்னிக்கி பஸ்ஸுல போக சொல்ல படிக்கலாம்னு வச்சிருந்தேன்.”

சுஐப் வாயைத் திறந்தான். “கடைசியில அந்த மலை இன்னா ஆவுதுன்னா—”

“அய்ய, சொல்லாதீங்க சார்,” என்று அவள் நூல்கண்டுப் பையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “நானே படிக்கணும்.”

கண்டக்டர் விசில் ஊதினார். “ஏம்மா, ஏறுறியா, வூட்டுக்கு நடந்தே வர்றியா?”

பஸ் போய்விட்டது. உள்ளே கீதம் இன்னும் முடிந்திருக்கவில்லை. முடிந்திருந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

சுஐப் நேராக அறிவுச்செல்வனின் காரிடம் போனான். “இதுல சாமானே இல்லிங்க, கெளம்புங்க,” என்றார் டிரைவர். கண்ணாடி வழியாகத் தங்கத்தாள் தெரிந்தது. தட்டிப் பார்த்தான். கண்ணாடியைத் தட்டினால் வண்டிக்கு மரியாதை இல்லை என்றார் டிரைவர். மண்டபத்துக்குத் திரும்பிப் போய் நாராயணசாமியிடம் கேட்டான். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

“தம்பி, கொடுத்த மரியாதையைத் திரும்பக் கேட்டால் கொடுத்தவருக்கும் மரியாதை போய்விடும், வாங்கியவருக்கும் போய்விடும். மிச்சம் என்ன இருக்கும்?”

“புத்தகம் இருக்குங்க.”

“அது மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?” என்றார் நாராயணசாமி, நிஜமாகவே புரியாமல்.

ராத்திரி வீட்டில் சுஐப் சாப்பிட உட்கார்ந்தான். ஷாஜியா சோறு போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஒருத்தர பாத்துட்டீங்க போலக்கிதே.”

“ஒரு அத்தியாயம் கம்மி.”

“அப்புறம் இன்னாங்க. கம்ப்யூட்டர்ல இல்லியா அது? பிரிண்ட் எடுத்துக் குடுத்து வுடறது.”

காலையில் கடை திறந்ததும் அவன் கடைசி அத்தியாயத்தைப் பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு, தீனதயாளன் கடைக்குப் போகாமல், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தான். பழுப்புக் கவரில் போட்டான். ஒட்டவில்லை. வெள்ளிமலை பஸ்ஸின் அதே கண்டக்டரிடம் கொடுத்து, தையல் மிஷின் தனுஷா என்று சொன்னான்.

“உள்ள இன்னா பாய்?”

“மலை.”

கண்டக்டர் கவரைத் தூக்கிப் பார்த்தார். “லேசா கீதே,” என்று சொல்லி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

பிறகு நடந்தவை இவை. கீதத்துக்கு அவமரியாதை செய்ததற்காகப் பேரவை சுஐப்பை ஒரு வருஷம் நீக்கிவைத்தது. அவன் உறுப்பினரே இல்லை என்பது தெரிந்ததும் முதலில் உறுப்பினராகச் சேர்த்துப் பிறகு நீக்கினார்கள். நாராயணசாமி மாநில அமைப்புக்குப் போய்விட்டார். தீனதயாளன் ஜெராக்ஸ் கடையோடு தங்கத்தாள் வியாபாரமும் ஆரம்பித்தார், நன்றாக ஓடுகிறது. சிறந்த வேடத்துக்கான கோப்பை தக்காளிக்குக் கிடைத்தது. அறிவுச்செல்வன் தன் பொட்டலத்தை எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் கொடுத்தார்; அந்தத் தம்பதி அதை இன்னொரு கல்யாணத்தில் கொடுத்தார்கள்; இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. கவர் தனுஷாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் கண்டக்டர் செருப்புக் கடை வாசலில் நின்று, உள்ளே வராமலே, அவள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார்: முடிவு சரியில்லையாம், அலரி நிற்கச் சொல்லிக் கேட்டாள் என்பதற்காக மலை நின்றிருக்கக் கூடாதாம். சுஐப் அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கடைசி அத்தியாயத்தை இன்னும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான்.